நுரை அடங்குவதற்குள்

“தண்ணியா இது? ஏங்க, தண்ணி வெதுவெதுன்னு, எலுமிச்சம்பழ வாசனையோடவா இருக்கும்?”

“பனீர் தண்ணி சார்... கொதிக்கிற பால்ல எலுமிச்சம்பழம் புழிஞ்சா பனீர் தனியா ஒதுங்கிடும். மிச்சம் இந்தத் தண்ணி. எப்பவும் இங்கதான் கொட்டுவேன். நீங்க நின்னுகினு இருந்தது தெரியல...”

“ஆறடி ஆள் நிக்கறது தெரியலையா?”

“மாட்டுக் கொட்டாய் ஓரத்துல மாடு நிக்கும். மனுசன் நிப்பான்னு யாரு கண்டது?”

சொல்லி முடித்த பிறகுதான் ஜெயப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் கையில் காலி அலுமினியக் குண்டான். எதிரே, கொட்டகைக் கூரை ஓரம் மழைக்கு ஒதுங்கியிருந்த இளைஞன். வெள்ளைச் சட்டை... இல்லை, ஒரு நிமிடம் முன்புவரை வெள்ளையாக இருந்த சட்டை. கையிலிருந்த நீல ஃபைலை மட்டும் எப்படியோ தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்றியிருந்தான். மீசை நுனியில் ஒரு சொட்டு... மழையா, பனீர் தண்ணியா... மெல்ல உருண்டு விழுந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். அடக்கிய சிரிப்பு கண்ணில் ஏறி நின்றது. அவன் அந்தக் கண்களைப் பார்த்தான். அடுத்து என்ன சொல்லித் திட்ட இருந்தோம் என்பதை மறந்துவிட்டவன்போல் நின்றான்.

அந்த நேரம் பார்த்து, பூஞ்சேரி கூட்டு ரோட்டில் செங்கல்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பிப் போனது.

“ஐயோ... அது உங்க பஸ்ஸா?”

“அதுதான். மறைமலைநகர்ல பத்து மணிக்கு இன்டர்வியூ.”

“அடுத்த பஸ்ல...”

“இந்தச் சட்டையோடயா? மோர் கொண்டாந்தவன்னு கேண்டீன் பக்கம் அனுப்பிடுவாங்க.”

“எங்க நைனா சட்டை ஒண்ணு தரட்டுமா சார்?”

அவன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான். அவளுடைய அப்பா வெங்கடேசன் மாடுகளுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார். அவர் சட்டைக்குள் இவனைப் போல் இரண்டு பேர் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். இந்த முறை சிரித்தது அவன்தான். பஸ்ஸைத் தவறவிட்டவன் அப்படிச் சிரிப்பானா? மழைக்கு நடுவே சட்டென்று ஒரு கீற்று வெயில் அடிக்குமே... அப்படி ஒரு சிரிப்பு.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு, புரட்டாசி பிறந்த முதல் வாரம் அது.

அதன் பிறகு இரண்டு நாள் அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள்; தான் தண்ணீரையே ஊற்றிவிட்டோமே! போகும்போது பேரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்... ஹரிகிருஷ்ணன். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் பச்சை கேட் போட்ட வீடு. அந்தத் தெருவைத் தாண்டித்தான் அவள் தினமும் கடற்கரை விடுதிகளுக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியில் பனீர் கொண்டு போகிறாள். பச்சை கேட்டைத்தான் இதுவரை கவனித்ததில்லை. இப்போது ஊரில் வேறு கேட்டே இல்லாததுபோல் அது மட்டும் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள், அரைக் கிலோ பனீரை வாழை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு, பச்சை கேட் வீட்டில் அவனைக் கேட்டு, பின்பக்கப் படி வழியாக மொட்டை மாடிக்கு ஏறினாள்.

மேலே கீற்றுப் பந்தல். நாலு மேஜை. பந்தலுக்கு அப்பால், தென்னைகளின் இடுக்கில், கடல் நீலமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஓரத்துச் சமையலறையில் ஹரி, முகமெல்லாம் மைதா மாவோடு, தோசைக் கல்லிலிருந்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான்.

“சார்... அது இன்னா சார், தோசையா?”

திரும்பியவன் அவளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டான். “பான்கேக்!” என்றான், குற்றம் செய்து பிடிபட்டவனைப் போல.

“கேக்கா? எங்க வூட்டு மிதியடி இத்த விட மெத்துன்னு கீது.”

அவன் கோபப்படவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த வட்டமான துயரத்தையே பார்த்தான். பிறகு கதையைச் சொன்னான்.

அப்பா இல்லை. அம்மா லோகநாயகி கல்பாக்கத்தில் அலுவலக வேலை. தினம் காலை ஆறரைக்குப் பஸ் ஏறுகிறவர். மகன் படித்துவிட்டு மொட்டை மாடியில் காபிக் கடை வைத்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தெரிந்தவரிடம் சொல்லித்தான் அந்த இன்டர்வியூவை வாங்கியிருந்தார். தவறிப்போனதும், ஐப்பசி இரண்டாம் தேதி அடுத்த இன்டர்வியூவுக்கு வரலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

“அம்மாகிட்ட ஒரு மாசம் கேட்டிருக்கேங்க. அதுக்குள்ள கடை நின்னுடுச்சுன்னா... அதாவது காலூன்றி நின்னுடுச்சுன்னா... சரி, வெச்சுக்கோன்னாங்க. இல்லைன்னா கம்பெனி பஸ்தான்.”

“நிக்க வெச்சுடலாமே?”

“எப்படி? கீழ் வீட்டுல மார்கரெட்னு ஒரு கனடாக்கார அம்மா, சிற்பம் கத்துக்க வந்த எட்டுப் பேரோட தங்கியிருக்காங்க. காலைல அவங்களுக்குப் பான்கேக் வேணும். பான்கேக்குக்கு முட்டை வேணும். புரட்டாசி மாசம் எங்க அம்மா முட்டையைக் கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. முட்டை போடாம சுட்டா...” மிதியடியைச் சுட்டிக்காட்டினான். “நாளையிலிருந்து எதிர்க் கடைக்குப் போறதா மார்கரெட் பாவமா சொல்லிட்டாங்க.”

ஜெயப்பிரியா அந்தப் பண்டத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். கிளை நூலகத்திலிருந்து அவள் எடுத்துப் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில், பனி கொட்டும் ஊர்களில், கதவைச் சாத்திக்கொண்டு மனிதர்கள் வெண்ணெய் உருகச் சாப்பிடுவார்களே... ‘இனிப்பு அடை’ என்று போட்டிருப்பார்களே... அது இதுதானா? ஆறு வருஷமாக அதன் வாசனையை மனத்துக்குள் கற்பனை செய்து வைத்திருந்தவள் அவள். இப்படிச் செருப்புத் தோல்போலவா இருக்கும்? இருக்காது. இருக்கக் கூடாது.

“சார், நாங்க சப்பாத்திக்கு அந்தத் தண்ணி ஊத்திதான் மாவு பிசைவோம். பூவாட்டம் வரும்.”

“எந்தத் தண்ணி?”

அவள் அவனுடைய சட்டையைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

மறுநாள் காலை பனீர் தூக்குவாளியோடு இன்னொரு தூக்கும் பின்படி ஏறியது. இளம் பச்சையும் மஞ்சளுமாய்க் கலங்கிய தண்ணீர். ஹரி அதை முகர்ந்தான். ஒரு விரல் தொட்டு நக்கினான். “லேசாப் புளிக்குது...” என்று கண்களை விரித்தான். மார்கரெட்டிடம் கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கி வைத்திருந்தான்.

முதல் நாள், மைதா, சர்க்கரை, உப்பு, ஆப்ப சோடா, உருக்கிய வெண்ணெய் எல்லாம் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி, கட்டி தட்டாமல் கால் மணி நேரம் அடித்தான். ராத்திரியெல்லாம் புளிக்க வைத்தான். காலையில் கல்லில் ஊற்றி, கரண்டியின் பின்புறத்தால் அழகாக வட்டம் இழுத்தான். வந்தது... இன்னொரு மிதியடி. கொஞ்சம் புளித்த மிதியடி.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சோடாவை இரட்டிப்பாக்கினான். மார்கரெட் ஒரு வாய் வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு தண்ணீர் கேட்டார்.

“சோப்புத் துண்டு தின்ன மாதிரி மூஞ்சி வெச்சுகினாங்க பாவம்” என்றாள் ஜெயப்பிரியா, பந்தல் கால் மறைவிலிருந்து.

“சிரிங்க... நல்லாச் சிரிங்க. கம்பெனி பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்து உங்களை நெனைச்சுக்கறேன்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கம்பெனி பஸ்... நீல யூனிஃபாரம்... இந்தப் பந்தல் காலியாக. ஏன் நெஞ்சுக்குள் இப்படி ஒரு கல் விழுகிறது? பார்த்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லையே...

அன்று சாயங்காலம் அவள் பால் கேன்களைக் கழுவ உட்கார்ந்தாள். பால் பிசுக்குப் போக அடியில் ஒரு சிட்டிகை சோடா போட்டுத் தேய்ப்பது அவள் வழக்கம். குண்டானின் அடியில் மிச்சமிருந்த பனீர் தண்ணீரை அந்தச் சோடாவின் மேல் கவிழ்த்தாள். ஸ்ஸ்ஸ்... என்று நுரை பொங்கியது. தினமும் பொங்குகிற நுரைதான். ஐந்து வருஷமாகப் பார்க்கிற நுரைதான். தேய்க்கத் தொடங்கினாள். தேய்க்கத் தேய்க்க... அடங்கிப்போயிற்று.

கை நின்றது.

இந்த நுரைதானே அதை மெத்தென்று தூக்க வேண்டியது? ராத்திரியெல்லாம் வைத்திருந்தால் அது எங்கே மிஞ்சும்? மிஞ்சியதையும் கரண்டியால் தேய்த்துத் தேய்த்துக் கொன்றுவிட்டு, எழும்பவில்லையே என்று அழுதால்...?

“நைனா! வண்டிச் சாவி எங்க?”

“விடிஞ்சி போனா ஆவாதா? மழை வந்துகினு கீது பாரு!” என்றார் வெங்கடேசன்.

விடியட்டும் என்று காத்திருப்பது அத்தனை கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

காலையில் மூச்சிரைக்கப் படியேறியவள், அடுக்களைக்குள் நேராக நுழைந்து, புளிக்க வைத்திருந்த மாவைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

“இது தோசை இல்ல சார். நம்ம கை பழக்க தோசத்துல தோசையாவே செய்யுது. தண்ணிய கடைசியில ஊத்துங்க. நாலே சுத்து. கட்டி இருந்தா இருக்கட்டும். நொரை அடங்கறதுக்குள்ள கல்லுல ஊத்துங்க.”

அவன் மறுபேச்சுப் பேசாமல் செய்தான். கிண்ணத்தில் மாவு சலசலத்தது. ஒரு கரண்டி அள்ளிக் கல்லில் விட்டான். பழகிய கை கரண்டியைத் திருப்பியது, வட்டம் இழுக்க...

“தேய்க்காதீங்க!”

கத்தினாள். கத்தியதோடு அவன் மணிக்கட்டையும் பிடித்துவிட்டாள்.

இருவரும் அசையவில்லை. கல்லில் மாவு தானாகவே பரவி, தானாகவே நின்றது. மேலே ஒரு குமிழி... இரண்டு... பத்து... மழை தொடங்கும்போது குளத்தில் விழுமே, அப்படி. ஓரங்கள் மெல்ல உயர்ந்தன. அவள் கை இன்னும் அவன் மணிக்கட்டில்தான் இருந்தது. நாடி துடிப்பது தெரிந்தது... யாருடையது என்றுதான் தெரியவில்லை.

“திருப்பணும்...” என்றான் மெதுவாக.

“ஆங்?”

“அடையைத் திருப்பணுங்க. கையை விட்டாத்தான் முடியும்.”

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். காதுவரை சூடு ஏறியது. அவன் திருப்பினான். பொன்னிறம். ஒரு விரல் உயரம். அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்பியது.

அன்று மார்கரெட் முதல் வாயை வைத்ததும் கண்களை மூடிக்கொண்டார். எட்டுப் பேரும் ஆளுக்கு மூன்று சாப்பிட்டார்கள். எதிர்க் கடைப் பேச்சு அதோடு நின்றது. ஹரி ஒரு தட்டில் ஒன்றை வைத்து, மேலே வெண்ணெய்த் துண்டு போட்டு, அவளிடம் நீட்டினான்.

“முதல்ல உங்களுக்குத்தான் தந்திருக்கணும். மன்னிச்சுக்கோங்க. ரொம்ப நன்றிங்க.”

நன்றியா? அவள் திகைத்துப்போனாள். அவர்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. பால் கறப்பதும் பனீர் கட்டுவதும் கேன் கழுவுவதும் மூச்சு விடுவதுபோல... அதற்கெல்லாம் யார் நன்றி சொல்வார்கள்? ஒரு விள்ளல் வாயில் போட்டாள். பஞ்சு... வெண்ணெய்... அடியில் மிக லேசாக ஒரு புளிப்பு. பனி கொட்டும் அந்தத் தூரத்து ஊர்களெல்லாம் ஒத்தவாடைத் தெருவுக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது. கண்ணில் நீர் திரையிட்டது.

“புளிக்குதா?” என்றான் பதறிப்போய்.

“இல்ல சார்... நல்லா கீது.”

அதன் பிறகு அவன் தினமும் சொன்னான். தூக்கை வாங்கும்போது ஒரு நன்றி, திருப்பித் தரும்போது ஒரு நன்றி. “இன்னா சார், மந்திரமா இது, நூத்தியெட்டு தடவ ஜெபிக்கிறீங்க?” என்று அவள் கேலி செய்வாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

மூன்றாம் புரட்டாசிச் சனிக்கிழமை, பூஜை முடித்து நெற்றியில் நாமத்தோடு லோகநாயகியே மாடிக்கு வந்தார். நாலு மேஜையும் நிறைந்திருந்ததைப் பார்த்தார். முட்டை இல்லை என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். மகனைப் பார்க்கவில்லை. ஜெயப்பிரியாவைத்தான் பார்த்தார்.

“நீதானா அது? அன்னிக்கு இவன் சட்டையைத் துவைச்சு எனக்குக் கையே போச்சு” என்றார். சொல்லிவிட்டு இன்னொன்றைத் தட்டில் எடுத்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது... புரட்டாசி முடிய இரண்டு நாள் இருக்கும்வரை.

அன்று அவள் படியேறும்போது மேலே ஹரி யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். “ஐப்பசி ஒண்ணாந்தேதியிலிருந்து மூணு அட்டை முட்டை போட்டுடுங்க அண்ணே. ஆமா, வாராவாரம்.”

கடைசிப் படியில் ஒரு கால், அதற்கு முந்தைய படியில் ஒரு கால். அப்படியே நின்றாள்.

முட்டை வருகிறது. வரத்தானே செய்யும்? விரதம் முடிந்தால் விரதச் சமையலும் முடிந்தது. இனி இந்தத் தண்ணீர் எதற்கு... இதைத் தூக்கிக்கொண்டு வருகிறவள்தான் எதற்கு? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். நூற்றியெட்டு நன்றி சொன்ன வாய்க்கு அது கூடவா முடியவில்லை? சரி... போகச் சொல்வதற்கு முன் போய்விடுவது மரியாதை.

தூக்கைப் படியிலேயே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிவிட்டாள்.

மறுநாளிலிருந்து பனீரை வெங்கடேசன் கொண்டு போனார். “அந்தக் காபிக் கடைத் தம்பி உன்னக் கேட்டுச்சு. ஒடம்புக்கு இன்னான்னு கேட்டுச்சு” என்றார் முதல் நாள். “தண்ணி எங்கன்னு கேட்டுச்சு” என்றார் அடுத்த நாள். அதற்கும் அடுத்த நாள், “ஒண்ணும் கேக்கல. மூஞ்சிதான் தொங்கிப் போச்சு” என்றார். அவள் மாட்டுக்கு வைக்கோல் உதறுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

ஐப்பசி இரண்டு. விடிந்ததிலிருந்து மழை. இன்டர்வியூ நாள்.

அவள் கொட்டகையில் நின்று கூட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது. ஜன்னல்களில் எல்லாம் தார்ப்பாய் இறங்கியிருந்தது. நாலைந்து குடைகள் ஏறின. எந்தக் குடைக்குக் கீழே யார்... தெரியவில்லை. பஸ் நகர்ந்தது. வளைவில் மறைந்தது.

போயிருப்பான். நல்லதுதான். நல்ல வேலை... இருபது நாள் கிடைத்ததே, அதுவே பெரிது. தன் கை செய்த ஒன்றுக்கு ஒருத்தன் வாயார நன்றி சொன்னானே... அதற்கு இவள் அல்லவா நன்றி சொல்லியிருக்க வேண்டும்? சொல்லாமலே படியிறங்கி வந்துவிட்டாளே...

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைய பனீர் தண்ணீர்க் குண்டானைத் தூக்கினாள். வழக்கமான இடத்தில் கொட்டப் போனாள்.

“ஏங்க... இன்னிக்காவது பார்த்து ஊத்துங்க.”

குண்டானோடு திரும்பினாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றான் ஹரி. ஹாண்டில்பாரில் அவள் படியில் விட்டுவிட்டு வந்த தூக்குவாளி தொங்கியது.

“நீங்க... பஸ்ல போகலயா?”

“போகலை. அம்மாவே அந்தக் கம்பெனி லெட்டரை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. மார்கரெட் கூட்டம் பொங்கல் வரைக்கும் இருக்கப்போறாங்களாம். கடை நின்னுடுச்சுங்க. ஆனா மூணு நாளாப் பான்கேக் நின்னுபோச்சு. ஏன் வரலை?”

“அதான் முட்டை வந்துடுச்சே. மூணு அட்டை.”

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு புரிந்தது.

“அது ஆம்லெட்டுக்குங்க!” கத்தியே விட்டான். “நேத்துக் காலைல பான்கேக்குல முட்டை போட்டுச் சுட்டுப் பார்த்தேன். மார்கரெட் தட்டைத் திருப்பித் தந்துட்டாங்க. பழையது எங்கேன்னு கேட்டாங்க. நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு...”

“அப்ப தண்ணிக்காகத்தான் வந்தீங்க.”

“தண்ணிக்காகத்தான் வந்தேன்...” என்று தொடங்கியவன் நிறுத்தினான். மழை அவன் இமைகளில் சொட்டிக்கொண்டிருந்தது. “இல்லை. பொய். தண்ணிக்கு நானே எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாலைத் திரிச்சுக்கலாம். நேத்துச் சாயங்காலம் திரிச்சேன். மாவும் எழும்புச்சு. எனக்குத்தான் எழும்பவே மனசில்லை. கரண்டியைத் திருப்பும்போதெல்லாம் யாராவது கையைப் பிடிச்சுத் தடுக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. எனக்கு நீங்க வேணும், ஜெயா... வாழ்க்கை பூரா.”

முதல் முறையாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். மழை, ரோடு, மாடுகள்... எல்லாம் ஒரு நொடி தூரமாகப் போய்விட்டுத் திரும்பி வந்தன.

“எனக்கும்...” என்றாள்.  “படியில நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு. அதான் அவ்ளோ கோவம் வந்துச்சு. கோவத்துல ஒண்ணு சொல்லாம வந்துட்டேன்... ரொம்ப நன்றிங்க.”

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். மழைச் சத்தத்துக்கு அடியில், கூட்டு ரோட்டுப் பக்கமிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டி ஒன்று முக்கி முனகிக்கொண்டு வருவது கேட்டது. ஹரி அவசரமாகச் சைக்கிளைத் திருப்பினான்.

அவள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க போறீங்க? எங்க நைனாதான் வராரு... இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அத்த இங்கயே நின்னு, ஒரே ஒரு தடவ அவரு கிட்டயும் சொல்லிடுங்களேன்...”